7. கிரிப் மாற்றக் கடைக்குப் போனால் எவ்வளவு ஆகும்?

அமெரிக்காவில் ஒரு கோல்ஃப் கடைக்குள் போய், மட்டைகளுக்குக் கிரிப் மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரே ஓர் எண்தான் பதிலாக வரும்: மட்டைக்கு 4 டாலர். 13 மட்டைக்கு 52 டாலர்தானே என்று மனக்கணக்குப் போட்டுப் பையை ஒப்படைத்துவிட்டு வருகிறவர், இரண்டு நாள் கழித்து நீட்டப்படும் 150 டாலர் பில்லைப் பார்த்து விழிக்கிறார். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது கூலி. கிரிப்பின் விலை தனி, வரி தனி, நீங்கள் கேட்காமலே சேரக்கூடிய சில்லறைச் சேர்மானங்கள் தனி.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். "இந்தக் கிரிப்பை இந்த மட்டைக்குப் போட்டு, வரியோடு சேர்த்து, நான் கடையை விட்டு வெளியே வரும்போது ஒரு மட்டைக்கு மொத்தம் எவ்வளவு கொடுத்திருப்பேன்?" இதற்குக் கிடைக்கும் எண்ணை வைத்துத்தான் இரண்டு கடைகளை ஒப்பிட முடியும். கூலி வாங்காத கடையில் கிரிப் விலை கூடியிருக்கும். கிரிப் மலிவான கடையில் கூலி கூடியிருக்கும். ஒன்றை மட்டும் பார்த்துத் தீர்மானிப்பவர் எங்கே போனாலும் ஏமாந்ததாகவே உணர்வார்.

இந்த அத்தியாயத்தில் உள்ள டாலர்க் கணக்கெல்லாம் அமெரிக்கக் கடைகளை ஒட்டியது. ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு டாலர் கூடும், குறையும். கணக்குப் போடும் முறை மாறாது.

மாற்றத்தான் வேண்டுமா?

செலவைக் குறைக்கும் முதல் வழி, தேவையில்லாமல் மாற்றாமல் இருப்பது. கிரிப் தயாரிப்பாளர்கள் சொல்லும் கெடு, ஆண்டுக்கு ஒரு முறை அல்லது 40 சுற்றுகளுக்கு ஒரு முறை. சொல்பவர் விற்பவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள். அதற்காக அது வெறும் வியாபாரப் பேச்சும் இல்லை. வாரம் ஒரு முறை 18 குழி ஆடி, நடுவில் இரண்டு நாள் பயிற்சித் திடலில் பந்தடிப்பவருக்கு ஓராண்டில் ரப்பர் உண்மையிலேயே தேய்ந்துவிடுகிறது. மாதம் ஒரு முறை மட்டும் போகிறவருக்கு இரண்டு மூன்று ஆண்டு தாராளமாக வரும்.

ஆட்டத்தைவிட வேகமாகக் கிரிப்பைக் கெடுப்பது வெயில். டெக்சாஸிலும் அரிசோனாவிலும் கோடைக்காலம் முழுக்கக் காரின் டிக்கியில் பையை வைத்துவிட்டுப் போகும் பழக்கம் நம்மவர்களிடம் நிறைய உண்டு. மூடிய காருக்குள் வேகும் ரப்பர் இறுகி, வழவழப்பாகி, பிறகு வெடிக்கத் தொடங்கும். கை வியர்வையும், தோலின் எண்ணெயும், பூசிக்கொண்ட சன்ஸ்கிரீனும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. பையை வீட்டுக்குள் கொண்டு வைத்தால் போதும், ஒரு பருவம் கூடுதலாக வரும்.

கடைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் சோப்பு சில துளி விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கிரிப்புகளைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, நிழலில் காய வையுங்கள். மட்டையைத் தலைகீழாகத் தண்ணீரில் அமிழ்த்த வேண்டாம். நுனியில் இருக்கும் சிறு துளை வழியாகத் தண்ணீர் தண்டுக்குள் போகும். கழுவியபின் பிசுபிசுப்பு திரும்பினால் உங்கள் 150 டாலர் இந்த ஆண்டு பிழைத்தது. கழுவியும் கண்ணாடி மாதிரி மின்னினால், இடது கட்டைவிரல் அழுந்தும் இடத்தில் (இடதுகை ஆட்டக்காரருக்கு வலது கட்டைவிரல்) பள்ளம் விழுந்திருந்தால், கீறல் வெடிப்புகள் தெரிந்தால், மாற்ற வேண்டியதுதான். வழுக்கும் கிரிப்பை இறுக்கிப் பிடித்து ஆடிப் பழகிவிட்டால், அந்தப் பழக்கத்தைத் திருத்தப் பயிற்சியாளருக்குக் கொடுக்கும் பணம் கிரிப் விலையைப்போல் பல மடங்கு.

கூலி எதற்குக் கொடுக்கிறோம்

சேப்பாக்கம் பக்கம் வாலாஜா சாலைக் கடைகளில் கிரிக்கெட் மட்டைக்குக் கிரிப் மாட்டுவதைப் பார்த்தவர்கள், இதுவும் அப்படித்தானே, கூம்பில் ஏற்றி உருட்டி இறக்கினால் முடிந்தது, இதற்குக் கூலி வேறா என்று கேட்பார்கள். கோல்ஃப் கிரிப் அப்படி ஏறாது. அதை ஒட்ட வேண்டும்.

முதலில் வளைந்த முனையுள்ள கத்தியால் பழைய கிரிப்பை நீளவாக்கில் கிழித்து உரிக்கிறார்கள். இரும்புத் தண்டு என்றால் கத்தி கொஞ்சம் அழுந்தினாலும் பரவாயில்லை. கிராஃபைட் தண்டில் நேர்முனைக் கத்தி பட்டால் இழை அறுந்துவிடும்; அறுந்த இடத்தில் என்றைக்காவது ஒரு நாள் தண்டு முறியும். அடுத்து அடியிலிருக்கும் பழைய டேப். ஐந்தாறு ஆண்டு வெயிலில் காய்ந்த டேப் தண்டோடு தண்டாகிப்போயிருக்கும். சூடு காட்டி, சுரண்டி, துடைத்து எடுக்க வேண்டும். பட்டறையில் நேரத்தைத் தின்பது இந்த வேலைதான். அதன்பின் இருபக்கமும் ஒட்டும் டேப்பைத் தண்டில் சுற்றி, புதுக் கிரிப்பின் நுனித்துளையைப் பந்து நிறுத்தும் டீ ஆணி ஒன்றால் அடைத்து, உள்ளே மினரல் ஸ்பிரிட் போன்ற ஒரு கரைப்பானை ஊற்றிக் குலுக்கி, அதையே டேப்பின் மேல் வழியவிட்டு, தயங்காமல் ஒரே தள்ளலில் கிரிப்பை ஏற்றுகிறார்கள். ஈரம் இருக்கும் சிறிது நேரத்துக்குள் முத்திரையும் கோடுகளும் மட்டை முகத்துக்கு நேராக இருக்கும்படி திருப்பிச் சரிசெய்தாக வேண்டும். பிறகு காய வேண்டும். சில மணி நேரத்தில் ஆடலாம் என்பார்கள். ஓர் இரவு விடுவது நல்லது.

சில பட்டறைகளில் கரைப்பானே கிடையாது. கம்ப்ரஸரிலிருந்து காற்றைச் செலுத்திக் கிரிப்பை உப்ப வைத்து, ஒருபக்க டேப் சுற்றிய தண்டில் ஏற்றிவிடுவார்கள். காய வைக்க வேண்டாம், உடனே ஆடலாம். பிறகு வேண்டாம் என்றால் கிழிக்காமல் கழற்றி வேறு மட்டைக்கும் போடலாம். கிரிப் விஷயத்தில் அடிக்கடி மனம் மாறுகிறவர்கள் இப்படிப்பட்ட பட்டறையைத் தேடிப் பிடிப்பது லாபம்.

ஒரு காலத்தில் இது கடைக்காரர் கல்லாப் பக்கத்தில் வைத்துச் செய்யும் வேலையாகவே இருக்கவில்லை. தோல் பட்டையைத் தண்டின்மேல் சுருள் சுருளாகச் சுற்றி முடிக்கக் கைதேர்ந்த ஆள் வேண்டும். லாம்கின் நிறுவனம் 1925இல் சிகாகோவில் தொடங்கியபோது செய்தது தோல் கிரிப்தான். 1949இல் ஒஹையோ மாநிலத்தில் தோன்றிய கோல்ஃப் பிரைடு போன்றவர்கள், உறைபோல இழுத்து மாட்டும் ரப்பர் கிரிப்பைப் பரப்பிய பிறகுதான் இது பழகிய கைக்கு மட்டைக்கு ஐந்து நிமிட வேலையாகி, கூலியும் சில டாலருக்குள் அடங்கியது.

அந்தக் கூலி இன்று, கிரிப்பையும் அதே கடையில் வாங்கினால், மட்டைக்கு 2 முதல் 5 டாலர். வாங்கினால் கூலியே இல்லை என்று சொல்லும் கடைகளும் உண்டு. பெரிய கடைகள் சில பருவங்களில் இதைச் சலுகையாகவே அறிவிக்கின்றன. டேப், கரைப்பான் எல்லாம் கூலிக்குள் அடக்கம் என்பதுதான் பொது வழக்கம். தனியாக எழுதியிருந்தால் கேள்வி கேளுங்கள்.

கிரிப்பின் விலை

பில்லின் பெரும்பகுதி இதுதான். நீங்கள் சிக்கனம் பண்ணக்கூடிய இடமும் இதுதான்.

கடைச் சுவரில் நூறு வகை தொங்கும். மூன்று குடும்பமாகப் பிரித்துக்கொண்டால் மிரளத் தேவையில்லை. முதலாவது சாதாரண ரப்பர். கோல்ஃப் பிரைடு டூர் வெல்வெட், லாம்கின் கிராஸ்லைன் போன்றவை. 6 முதல் 9 டாலருக்குள் வரும். தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் இன்றைக்கும் இந்த வகையைத்தான் பிடித்து ஆடுகிறார்கள். மலிவு என்பதால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். இரண்டாவது, ரப்பருக்குள் பருத்தி நூல் இழை கலந்தது. மழையிலும் வியர்வையிலும் வழுக்காது, ஆனால் உள்ளங்கையை உரசும். முழுக்க இழையாகவோ, மேற்பாதி இழையும் கீழ்ப்பாதி மெத்தென்ற ரப்பருமாகவோ கிடைக்கும். 11 முதல் 15 டாலர். மூன்றாவது, வின் போன்ற நிறுவனங்கள் செய்யும் மென்மையான பாலியூரித்தேன் வகை. 8 முதல் 12 டாலர். மூட்டு வலி உள்ளவர்களுக்கும், பந்தில் படும் அதிர்ச்சி முழங்கைவரை ஏறுகிறது என்பவர்களுக்கும் இது இதமாக இருக்கும். ஆனால் சீக்கிரம் தேயும். அதனால் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் செலவு கூடும்.

இந்த மூன்றுக்கும் மேலே 20 டாலரைத் தொடும் ஜப்பானிய வகைகளும் வண்ண வண்ண வகைகளும் இருக்கின்றன. அழகுக்குக் கொடுக்கும் பணம் அது. கொடுக்க மனமிருந்தால் தவறில்லை.

கை அதிகம் வியர்க்காதவர், மழையில் ஆடாதவர், ஆட்டத்தில் இன்னும் 100ஐ உடைக்காதவர் எல்லோருக்கும் என் சிபாரிசு சாதாரண ரப்பர்தான். கணக்கைப் பாருங்கள். டிரைவர் 1, ஃபேர்வே உட் 1, ஹைப்ரிட் 2, 5 முதல் 9 வரையான அயர்ன்கள் 5, பிட்ச்சிங் வெட்ஜ் 1, மற்ற வெட்ஜ்கள் 3. ஆக 13. விதிப்படி பையில் 14 மட்டைக்கு மேல் கூடாது. பதினான்காவது பட்டர், அதற்குத் தனிக் கதை. 7 டாலர் கிரிப் 13க்கு 91 டாலர். கூலி 4 டாலர் வீதம் 52. மொத்தம் 143. டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் விற்பனை வரி 8.25 சதவீதம். டெக்சாஸில் பழுதுபார்க்கும் கூலிக்கும் வரி உண்டு. சேர்த்தால் சுமார் 155 டாலர். இதையே 13 டாலர் கிரிப்பாகப் போட்டால் 169, கூலி 52, வரியோடு 239. கூலி மாறவில்லை, கடை மாறவில்லை. சுவரில் கை வைத்த இடம் மட்டும் மாறியது. வித்தியாசம் 84 டாலர்.

வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூஜெர்சியில் 6.625 சதவீதம். ஆரிகனில் விற்பனை வரியே கிடையாது. கலிஃபோர்னியாவில் பொருளுக்கு வரி உண்டு. பழுதுபார்க்கும் கூலி பொதுவாக வரிக்குள் வராது. அதனால் அங்கே பில்லில் கூலியைத் தனியாகக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

அளவு, அதனால் ஏறும் செலவு

கிரிப்புகள் நான்கு பருமனில் வருகின்றன: சாதாரண அளவைவிடச் சிறியது, சாதாரணம், நடுத்தரம், ஜம்போ. நடுத்தரம் என்பது சாதாரணத்தைவிட ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு பருத்தது. பிடித்துப் பார்க்கும்போது மேல்கையின் நடுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கைச் சதையை லேசாகத் தொட வேண்டும். அழுந்தக் குத்தினால் கிரிப் சிறிது. எட்டவே இல்லை என்றால் பெரிது. கடையில் மாதிரி மட்டைகள் வைத்திருப்பார்கள். பிடித்துப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

நடுத்தர, ஜம்போ அளவுகளுக்கு ஒன்றிரண்டு டாலர் கூடுதல். சாதாரண அளவு கொஞ்சம் மெலிதாகவும் நடுத்தர அளவு தடிமனாகவும் தோன்றும் கைகள் உண்டு. அவர்கள் நடுத்தரத்துக்குத் தாவ வேண்டாம். சாதாரண கிரிப்புக்கு அடியில் கூடுதலாக இரண்டு மூன்று சுற்று டேப் சுற்றச் சொன்னால் போதும். சில கடைகள் இதை இலவசமாகச் செய்யும், சில கடைகள் மட்டைக்கு ஒரு டாலர் கேட்கும். ஒரு டாலர்தானே என்று விட வேண்டாம், 13 மட்டைக்கு 13 டாலர்.

பருமன் கூடினால் எடையும் கூடும் என்பது பலருக்குத் தெரியாது. சாதாரண டூர் வெல்வெட் சுமார் 50 கிராம் இருக்கும். நடுத்தர அளவு அதைவிடப் பத்துப் பதினைந்து கிராம் கனம். பிடியில் ஏறும் ஒவ்வொரு நாலைந்து கிராமுக்கும் மட்டையின் ஸ்விங் வெயிட் ஒரு புள்ளி இறங்கும். வீசும்போது தலைப்பக்கம் இலேசாகிவிட்டதுபோல் தோன்றும். புதுக் கிரிப் போட்டதிலிருந்து அடியே விழவில்லை என்று புலம்புகிறவர்களில் சிலருக்குக் காரணம் இதுவாக இருக்கும். எடையைக் கேட்டு, பழையதற்குப் பக்கத்தில் இருப்பதாக வாங்குங்கள்.

கிரிப்பின் உள்துளைக்கும் அளவு உண்டு: 58, 60, 62 என்று உள்ளே அச்சிட்டிருக்கும். அங்குலத்தில் நூறில் இத்தனை பங்கு என்று அர்த்தம். 60 அளவுத் தண்டுக்கு 60 அளவு கிரிப். இதைக் கடைக்காரர் அளந்து பார்த்துக்கொள்வார். இணையத்தில் நீங்களே வாங்கினால் நீங்கள்தான் பார்க்க வேண்டும். அடிப்பக்கம் மெல்லிய வரம்பு ஓடும் கிரிப்பை, ஸ்லீவைத் திருப்பிக் கோணம் மாற்றக்கூடிய டிரைவருக்குப் போடும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். பல மாடல்களில் ஸ்லீவோடு தண்டும் சேர்ந்து திரும்பும். வரம்பும் கூடவே இடம் மாறிவிடும். அதற்கு உருண்டைக் கிரிப் போதும்.

குழந்தைகளுக்கென்று விரல் பதியும் பள்ளங்களோடு வார்த்த பயிற்சிக் கிரிப் ஒன்று விற்கிறது. பழகுவதற்கு நல்லது. போட்டியில் செல்லாது, கை வடிவத்துக்கு வார்த்த கிரிப்பை விதி அனுமதிப்பதில்லை. நாளைக்கே பள்ளி அணிக்கு ஆடப்போகும் பிள்ளையின் மட்டைக்கு இதைப் போட்டால் இரண்டாம் முறை கூலி கொடுக்க வேண்டியிருக்கும்.

பட்டரை விட்டுவிடுங்கள்

கடையில் 14 மட்டையையும் எண்ணித்தான் பில் போடத் தொடங்குவார்கள். பட்டர் கிரிப் அவ்வளவு சீக்கிரம் தேயாது. பந்தை மெல்லத் தட்டும் மட்டை அது. வீச்சும் இல்லை, அழுத்தமும் இல்லை. மற்றவற்றை இரண்டு முறை மாற்றும் காலத்துக்கு அது தாங்கும். விலையும் அப்படி: சாதாரணமானது 15 டாலரில் தொடங்கி, சூப்பர்ஸ்ட்ரோக் போன்ற பருமனான வகைகள் 30, 40 டாலர் வரை போகும். கூலியும் சில கடைகளில் கூடுதல், ஏனென்றால் தட்டையான முகப்பைக் கோணம் தவறாமல் பட்டர் முகத்துக்கு நேராக வைக்க வேண்டும். பருமனான பட்டர் கிரிப் ஆட்டத்தை மாற்றும் என்று நம்பினால் அதைத் தனியாக, வேறொரு மாதம், யோசித்துச் செய்யுங்கள். அவசரத்தில் 13ஓடு 14ஆகச் சேர்க்காதீர்கள்.

இணையத்தில் கிரிப் வாங்கிக் கடையில் போட்டால்?

எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை இது. பெரும்பாலும் லாபமில்லை. 7 டாலர் கிரிப் இணையத்தில் 6 டாலருக்குக் கிடைத்தது என்று வையுங்கள்: 13க்கு 78. வெளியில் வாங்கிய கிரிப்பைக் கொண்டு போனால் பல கடைகளில் கூலி ஏறக்குறைய இரட்டிப்பாகும். மட்டைக்கு 7 டாலர் என்றால் 91. மொத்தம் 169. கடையிலேயே வாங்கியிருந்தால் வரிக்கு முன் 143. அளவு தவறாக வந்தால் திருப்பி அனுப்பும் அலைச்சலும் உங்களுடையது. விலை உயர்ந்த கிரிப் பாதி விலைக்குக் கிடைத்தால் மட்டும் இந்த வழி ஓடும். அப்போதும் கூலியை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். போலிகளும் உலவும் சந்தை இது. நம்ப முடியாத விலையை நம்பாமல் இருப்பதே நல்லது.

எந்தக் கடை

பெரிய தொடர்க் கடைகளில் விலை வெளிப்படை, சலுகையும் அடிக்கடி வரும். வேலை செய்பவர் யார் என்பது அன்றைய முறையைப் பொறுத்தது. தேர்ந்தவரும் இருப்பார், போன வாரம் சேர்ந்தவரும் இருப்பார். மைதானத்துக் கடையில் விலை சற்றுக் கூடும். சில மைதானங்கள் தாங்களே செய்யாமல் வெளியே அனுப்பித் தருவதால் நாளும் கூடும். மூன்றாவதாக, வீட்டுக் கார் ஷெட்டையே பட்டறையாக்கி வைத்திருக்கும் தனி ஆட்கள். ஓய்வு பெற்றவர்கள், ஆட்டத்தில் பித்தானவர்கள். என் ஓட்டு இவர்களுக்குத்தான். கூலி 2, 3 டாலரோடு நிற்கும். அதைவிட முக்கியம், உங்கள் கையைப் பிடித்துப் பார்த்து அளவு சொல்வார்கள், டேப் எத்தனை சுற்று என்று குறித்து வைத்துக்கொண்டு அடுத்த முறையும் அதையே செய்வார்கள். உங்கள் மைதானத்தில் அடிக்கடி ஆடும் பெரியவர் ஒருவரைக் கேட்டால் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

வடக்கு மாநிலங்களில் இருப்பவர்கள் மார்ச், ஏப்ரலில் போகாதீர்கள். பனி உருகியதும் ஊரே பையைத் தூக்கிக்கொண்டு வரும். ஜனவரியில் பட்டறை காலியாக இருக்கும். அவசரமில்லாமல் செய்வார்கள், தள்ளுபடி கேட்டாலும் காது கொடுப்பார்கள். டிப்ஸ் கொடுக்க வேண்டுமா என்ற சங்கடம் நம்மில் பலருக்கு உண்டு. கடைக் கவுன்ட்டரில் தேவையில்லை.

மொத்தமாகச் செலவழிக்க மனமில்லாவிட்டால் இரண்டு தவணையாகச் செய்யலாம். முதலில் அயர்ன், வெட்ஜ் ஒன்பதும்: மட்டைக்கு 11 டாலர் வீதம் 99 டாலர். அதிகம் உழைப்பவை அவைதான். டிரைவரும் மற்றவையும் அடுத்த பருவத்துக்கு நிற்கட்டும். ஒரே அயர்ன் வரிசையில் பாதி புதுசு, பாதி பழசு என்று மட்டும் விடாதீர்கள், கை குழம்பிவிடும்.

செலவே செய்யக் கூடாத இடமும் உண்டு. பழைய செட் ஒன்றை 150 டாலருக்கு வாங்கியிருந்து, அதற்கு 155 டாலருக்குக் கிரிப் போடுவது வீண், அந்தச் செட்டையே இன்னும் மூன்று நான்கு ஆண்டு ஆடப்போவதாக இருந்தாலொழிய. கடையில் கொடுத்து மாற்றப் போகும் மட்டைக்கும் புதுக் கிரிப் வேண்டாம். மாற்று விலையில் நீங்கள் போட்ட பணம் திரும்பாது. வளரும் பிள்ளைகளின் மட்டைக்கும் அப்படியே. கிரிப் தேய்வதற்குள் பிள்ளை அடுத்த அளவுக்கு வளர்ந்துவிடும்.

வீட்டிலேயே செய்தால்

செய்யலாம். கிரிப் 13, டேப், கரைப்பான், வளைமுனைக் கத்தி, தண்டைப் பிடிக்கும் ரப்பர்ப் பிடி எல்லாம் சேர்ந்த பெட்டியாகவே விற்கிறார்கள். கருவிகளுக்கு முதல் முறை 25 முதல் 35 டாலர். வைஸ் இல்லாதவர்களுக்கு அது தனி. ஆகவே முதல் முறை பெரிதாக மிச்சமில்லை, இரண்டாம் முறையிலிருந்துதான் கூலி மிச்சம். மினரல் ஸ்பிரிட் தீப்பற்றும் பொருள். அபார்ட்மென்ட் சமையலறையில் வைத்துச் செய்யும் வேலை இல்லை, காற்றோட்டமான இடம் வேண்டும். தீப்பற்றாத, தண்ணீர் சார்ந்த கரைப்பான்களும் கிடைக்கின்றன. உங்களுக்குக் கை வேலையில் ருசி இருந்தால் இறங்குங்கள். பணத்துக்காக மட்டும் என்றால் கூலி வாங்காத கடையைத் தேடுவது சுலபம்.

பணம் கட்டும் முன்

மட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஆடும் நிலையில் தரையில் வைத்து மேலிருந்து பாருங்கள். கிரிப்பின் கோடுகளும் முத்திரையும் முகத்துக்கு நேராக இருக்கின்றனவா, எல்லா மட்டையிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா? முத்திரை மேலே வேண்டுமா கீழே வேண்டுமா என்பது உங்கள் விருப்பம், ஒப்படைக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். கிரிப்பை முறுக்கிப் பாருங்கள். துளியும் சுழலக் கூடாது. நுனி மூடி தண்டின் முனையில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, கீழ் விளிம்பில் டேப் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். விரலால் தடவினால் மேடு தட்டக் கூடாது. மட்டையைக் குலுக்கிக் கேளுங்கள். உள்ளே ஏதாவது கலகலத்தால் டேப் துணுக்கோ பழைய ரப்பரோ தண்டுக்குள் விழுந்திருக்கிறது. கிராஃபைட் தண்டுகளில் கத்திக் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நுனித்துளையில் திருகும் ஆட்டப் பதிவுக் கருவிகள் மாட்டியிருந்தால், கொடுக்கும் முன்பே கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள்; கிழித்த கிரிப்போடு குப்பைக்குப் போய்விடும்.

குறை இருந்தால் அங்கேயே சொல்லுங்கள். சுழலும் கிரிப்பை மறுபடி ஒட்டித் தருவதற்கு நல்ல கடை காசு கேட்காது. அதற்காகவே ரசீதைச் சில வாரமாவது வைத்திருங்கள்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிண்டியிலோ கோவையிலோ கொடைக்கானலிலோ ஆடும் உறவினர்கள் அமெரிக்காவிலிருந்து என்ன வேண்டும் என்று கேட்டால் தயங்காமல் கிரிப் கேட்பார்கள். இந்த நிறுவனங்களின் கிரிப் எல்லாம் அங்கே இறக்குமதிச் சரக்கு. 13 கிரிப் சேர்ந்தாலும் முக்கால் கிலோ வராது, பெட்டியின் ஓரத்தில் அடங்கிவிடும். அவர்களுடைய தண்டின் அளவைக் கேட்டு வாங்கிப் போங்கள். சென்னைப் புழுக்கத்தில் ஆடுபவருக்கு இழை கலந்த வகையே ஏற்றது.

கடைசியாகத் தொகை. சாதாரண ரப்பர் கிரிப், 13 மட்டை, வரி உட்பட 120 முதல் 160 டாலருக்குள் வந்தால் நியாயமான விலை, பேரம் பேசி நேரத்தைக் கழிக்க வேண்டாம். 100க்குக் கீழே வந்தால் கூலி இல்லாத சலுகைக் காலம் அது, உடனே செய்துகொள்ளுங்கள். சாதாரண கிரிப்புக்கே 200ஐத் தாண்டினால் பையை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.